திங்கட்கிழமை எடுத்த அளவுகள்

மரியன்ரீட்,
13 செப்டம்பர் 2004

அன்புள்ள செவரின்,

முதலில் ஒரு திருத்தம். நம் ஊரில் இருக்கும் உங்கள் ஆலைச் சோதனைக்கூடத்தின் புகையைப் பற்றி நான் பதினொரு புகார்க் கடிதம் எழுதியதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எழுதியது நான்கு. நான்குக்கும் நகல் என்னிடம் இருக்கிறது, தேதியோடு. முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தவளுக்கு நான்குக்கும் பதினொன்றுக்கும் வித்தியாசம் தெரியும்.

சனிக்கிழமை ரொட்டிக்கடையில் ஐந்து பேர் வரிசையில் நிற்கும்போது கடைக்காரி ஸீட்டா உரக்கக் கேட்டாள்: "வாங்க ஷ்டேலே அம்மா, பன்னெண்டாவது லெட்டர் போஸ்ட் பண்ணியாச்சா? ஆலைக்குப் பூட்டுப் போட்டுட்டுத்தான் ஓய்வீங்க போல!" எல்லோரும் சிரித்தார்கள். "நாலு. அதுவும் மரியாதையா எழுதினது. ரெண்டு பிரெட்செல் குடு, நேத்து சுட்டது வேண்டாம்" என்றேன். நான் கதவைச் சாத்திய பிறகும் சிரிப்பு கேட்டது. ஃபெர்ரி விபத்துக்குப் பிறகு ஊருக்கு யாரையாவது கரித்துக்கொட்ட வேண்டியிருக்கிறது. அது போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 21 அன்று நம் ஃபெர்ரி நடு ஏரியில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் அறையில் புகைக்குழாயின் இணைப்பு வெடித்து, மெக்கானிக் கெப்ஹார்ட்டின் இடது கையும் கன்னமும் வெந்துபோயின. இன்ஜின் உங்கள் ஆலையில் செய்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, நேற்று நான் மருத்துவமனைக்குப் போனது. கெப்ஹார்ட்டின் மனைவி ஆஃப்ரா ஒரு கடிதத்தைக் காட்டினாள். ஃபெர்ரி நிறுவனம் எழுதியது. சைலன்சரை உரிய காலத்தில் சுத்தம் செய்யாதது கெப்ஹார்ட்டின் கவனக்குறைவு, அதுவே காரணம் என்று இருக்கிறது. அக்டோபர் 14, வியாழக்கிழமை விசாரணை. லைசென்ஸ் போய்விடும் என்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவன் வேறு என்ன வேலைக்குப் போவான்?

விபத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று ஒரு நாள் எல்லா ஃபெர்ரிகளையும் நிறுத்திவைத்திருந்ததால் ஏரியைச் சுற்றி இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தாய். வரும் வழியில் படகுத்துறையில் இறங்கியிருக்கிறாய். உன் காலணியில் கரி ஒட்டியிருந்தது. பருப்பும் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும் பரிமாறினேன். ஒரு கரண்டி வாயில் வைத்தாய். பிறகு ஜன்னலைப் பார்த்து, "கணக்கு ஏமாத்திடுச்சோ" என்றாய். "எந்தக் கணக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, ஆறிடும், சாப்பிடுங்க" என்றாய். மூன்று வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

எந்தக் கணக்கு? இன்ஜின் தெரியாத ஒருத்திக்குப் புரியும்படி எழுது. தொலைபேசி வேண்டாம். தொலைபேசியில் சொன்னதை மறுநாள் யாரும் சொன்னதாக ஒத்துக்கொள்வதில்லை.

கழுத்தில் துணி சுற்றிக்கொள். தெற்கு மலைக்காற்று இன்று காலையிலிருந்தே தலைவலியைக் கிளப்புகிறது.

உன் அம்மா,
வால்புர்கா ஷ்டேலே


வாசர்பூல்,
18 செப்டம்பர் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால்தான் வர முடியவில்லை. தட்டச்சு செய்திருப்பதற்கு மன்னிக்கவும்.

கேட்டதற்குப் பதில். டீசல் இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும், வெளியே வந்த புகையில் எந்த அளவைத் திரும்ப உள்ளே விட வேண்டும் என்பதை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது. புகையில் கொஞ்சம் திரும்பப் போனால் நச்சு வாயு குறையும். அதிகம் போனால் காற்று போதாமல் கரி கக்கும். சரியாகப் பிரிப்பதற்கு, புகையின் வேகத்தில் சுழன்று காற்றை உள்ளே தள்ளும் டர்போவுக்கு முன்னால் புகைக்குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிய வேண்டும். அந்த இடத்தில் சென்சார் வைத்தால் சில வாரங்களில் கரி அடைத்து, தப்பான எண்ணைக் காட்டும். அதனால் நாங்கள் சென்சாரே வைப்பதில்லை. உள்ளே போகும் காற்று, எரிபொருள், வெப்பம், டர்போவின் இதழ்கள் திறந்திருக்கும் கோணம், இவற்றை வைத்து அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுகிறோம். மூடியைத் திறக்காமலே அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து உள்ளே எவ்வளவு கொதிக்கிறது என்று நீங்கள் சொல்வீர்களே, அது மாதிரி. அந்த மதிப்பீட்டுக் கணக்கு நான் செய்தது.

இன்ஜினை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் சோதனை மேடையில் அது நூற்றுக்கு இரண்டு பங்குக்குள் சரியாக இருந்தது. நான் சாப்பாட்டு மேசையில் சொன்னது ஒரு பொதுவான கவலை, அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சைலன்சரை ஐந்நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. அந்த ஃபெர்ரி அறுநூற்று இருபது மணி நேரம் ஓடியிருக்கிறது. இது கெப்ஹார்ட்டைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் எண் எண்தான்.

இன்னொன்று. விசாரணை முடியும்வரை மருத்துவமனைக்குப் போக வேண்டாம். நீங்கள் என் அம்மா என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் துறைத் தலைவர் நேற்று கேட்டார்: "என்ன செவரின், உங்கம்மா இப்ப கெப்ஹார்ட் பக்கமா வக்கீல் வேலை பாக்கறாங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
செவரின்


மரியன்ரீட்,
23 செப்டம்பர் 2004

அன்புள்ள செவரின்,

விளக்கம் புரிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய், கணக்கு என்று வந்தால் நீ எப்போதுமே தெளிவாக எழுதுவாய். மருத்துவமனைக்கு நேற்றும் போனேன். போக வேண்டாம் என்று எனக்குச் சொல்லும் உரிமை உன் துறைத் தலைவருக்குக் கிடையாது. உனக்கும் கிடையாது.

அறுநூற்று இருபது மணி நேரத்தைப் பற்றிக் கெப்ஹார்ட்டிடமே கேட்டேன். கன்னத்தில் கட்டு இருப்பதால் ஒரு பக்கமாகப் பேசுகிறான்.

"ஐந்நூறு ஆனப்பவே எழுதிக் குடுத்துட்டேன்மா. ரெண்டு தடவை. கோடை சீசன் முடியட்டும், படகை நிறுத்த முடியாதுன்னுட்டாங்க. இன்ஜின் நோட்டுல இருக்கு, பாத்துக்கட்டும்."

"அழுத்தம் ஏறினது உனக்குத் தெரியலையா?"

"எப்படித் தெரியும்? திரையில ரெண்டரைன்னு இருந்துச்சு. பச்சை எழுத்து. வெடிக்கிற நிமிஷம் வரைக்கும் பச்சைதான். பழைய இன்ஜின்ல முள்ளு வச்ச மீட்டர் இருக்கும், தட்டிப் பாத்துக்குவேன். இதுல திரைதான். பச்சையா இருக்கறப்ப நான் என்ன ஜோசியமா பாக்கறது?"

ஆஃப்ரா அவன் வாயைத் துடைத்துவிட்டாள். "பேசாதீங்க, பிளாஸ்திரி பிரியுது" என்று அதட்டினாள். அவன் பேசிக்கொண்டேதான் இருந்தான்.

அந்தப் பச்சை எண் உன் கணக்கில் வந்த எண். சென்சார் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் குழாய்க்குள் ஒரு அழுத்தம், திரையில் வேறு அழுத்தம். மேடையில் சரியாக இருந்த கணக்கு படகில் ஏன் தப்பியது? மேடைக்கும் படகுக்கும் என்ன வித்தியாசம்? நான் கேட்பது இந்த ஒரு கேள்விதான்.

இன்னொரு விஷயம். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் உங்கள் சோதனைக்கூட மேஸ்திரி ஓட்மாரைப் பார்த்தேன். முட்டைக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன ஷ்டேலே அம்மா, திங்கட்கிழமைத் துணியெல்லாம் இப்ப வெள்ளையா காயுதா? உங்களுக்காக அஞ்சு மாசம் விசிறிய முழு வேகத்துல ஓட்டினோமே, ஒரு கேக்காவது செஞ்சு குடுத்திருக்கலாம்!" என்றார். "எந்த விசிறி?" என்று கேட்டேன். அவர் முகம் உடனே மாறியது. "ஒண்ணுமில்லம்மா, சும்மா" என்று முட்டைக்கோஸை வைத்துவிட்டு, வாங்காமலே போய்விட்டார்.

நீயும் "ஒண்ணுமில்லம்மா" என்கிறாய், ஓட்மாரும் "ஒண்ணுமில்லம்மா" என்கிறார். எந்த விசிறி, செவரின்?

உன் அம்மா,
வால்புர்கா ஷ்டேலே


வாசர்பூல்,
28 செப்டம்பர் 2004

அம்மா,

கையால் எழுதுகிறேன். இது கணினியில் இருக்கக்கூடாது. படித்ததும் எரித்துவிடுங்கள்.

சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு மேடையிலும் புகைக்குழாயின் முனையில் ஒரு உறிஞ்சு விசிறி இருக்கிறது. எப்போதும் பாதி வேகத்தில் ஓடும். பாதியில் ஓடினால் குழாய்முனை ஏறக்குறைய ஒரு வண்டியிலோ படகிலோ இருப்பது போலவே இருக்கும் என்று என்றைக்கோ சரிபார்த்து வைத்தது. அதனால் அதை யாரும் குறித்து வைப்பதில்லை. அளவுத் தாளில் காற்றின் ஈரப்பதத்துக்குக் கட்டம் உண்டு, எரிபொருள் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்பதற்குக்கூடக் கட்டம் உண்டு. விசிறிக்குக் கட்டம் இல்லை.

2002 ஜனவரியில் உங்கள் நான்காவது கடிதம் இயக்குநருக்குப் போனது. திங்கட்கிழமை துவைத்த தலையணை உறையில் கரி என்று எழுதியிருந்தீர்கள். அவர் இரண்டு காரியம் செய்தார். திங்கட்கிழமை காலையில் நான்காம் மேடையின் விசிறியை முழு வேகத்தில் ஓட்டி, புகையை உயரமான புகைபோக்கி வழியாக அனுப்பும்படி ஓட்மாரிடம் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, "உங்கம்மாவ நீயே சமாதானப்படுத்துப்பா. திங்கட்கிழமை மேடை உனக்கு, ஞாயித்துக்கிழமையே போய் அவங்க கையால சாப்பிடு" என்றார். விசிறியைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. ஐந்து மாதம் ஒவ்வொரு ஞாயிறும் உங்களிடம் வந்தேன், ஒவ்வொரு திங்களும் நான்காம் மேடையில் அளவு எடுத்தேன். என் கணக்கு முழுவதும் அந்த அளவுகளின் மேல்தான் நிற்கிறது.

விசிறி முழு வேகத்தில் ஓடும்போது புகையை இழுத்துக்கொள்கிறது. இன்ஜின் சிரமமில்லாமல் மூச்சு விடுகிறது. படகில் இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. நீளமான குழாய், இரண்டு வளைவு, சைலன்சர், எல்லாம் எதிர்த்துத் தள்ளும். முனையில் அழுத்தம் கொஞ்சம் கூடினால் டர்போவுக்கு முன்னால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கூடும். என் கணக்குக்கு அது தெரியாது. பெட்டி, அழுத்தம் குறைவு என்று நம்பித் திரும்பும் புகைக்கான வால்வைக் கூடுதலாகத் திறந்திருக்கிறது. காற்று குறைந்து கரி கூடியது. கரி கூடியதால் சைலன்சர் சீக்கிரம் அடைத்தது, அதனால் அழுத்தம் மேலும் ஏறியது. திரை மட்டும் பச்சையாகவே இருந்தது. கெப்ஹார்ட் ஐந்நூறு மணியில் சுத்தம் செய்திருந்தாலும் இது நடந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 25 அன்று ஓட்மார் வாய்தவறிச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இதை எழுதிக் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, விசிறி ஏன் முழு வேகத்தில் ஓடியது என்பது. பதில், என் அம்மாவின் துணிக்கொடி. பதினொரு கடிதம் என்று சிரிக்கிறவர்கள் பிறகு என்ன சொல்வார்கள்? நீங்கள் தெருவில் நடக்க முடியுமா? கோயிலில் உங்கள் பக்கத்தில் யாராவது உட்காருவார்களா?

உங்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், அம்மா. கெப்ஹார்ட்டை ஒரு கண்டிப்போடு விட்டுவிடுவார்கள். தயவுசெய்து இனிமேல் எதுவும் கேட்காதீர்கள்.

செவரின்


மரியன்ரீட்,
3 அக்டோபர் 2004
அறுவடை நன்றி ஞாயிறு

செவரின்,

உன் கடிதத்தை நான்கு நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். எரிக்கவில்லை.

எனக்காக என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை நான் ஏற்க மாட்டேன். இந்த ஊர் என்னைப் பற்றி என்ன பேசும் என்பதை நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியுமா என்று நீ என்னைக் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியாமல் என் பெயரை எடுத்து உன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாய்.

நீ உண்மையை எழுதினாய் என்பதால் நானும் எழுதுகிறேன். இதை உன் அப்பா இருந்திருந்தால் அவரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

என்னுடைய முதல் மூன்று கடிதங்களும் உண்மை. கரி விழுந்தது, நான் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு ஆலையின் பதிலை யார் கொண்டுவந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நீ. அதற்கு முன் ஏழு மாதம் நீ வரவில்லை. இயக்குநர் உறையைக் கொடுத்து அனுப்பியதால் வந்தாய். இரண்டு தட்டு ஷ்பெட்ஸ்லே சாப்பிட்டாய், மாலைப் படகுக்குப் போனாய். அதற்கு அடுத்த வாரம் நான் நான்காவது கடிதத்தை எழுதினேன். தலையணை உறையில் கரி இல்லை, செவரின். அந்த வாரம் மழை; துணியை நான் வெளியிலேயே போடவில்லை. இன்னொரு கடிதம் போனால் இன்னொரு பதிலை உன்னிடம் கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

அந்த ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ வந்தாய். எனக்கு அவை நல்ல மாதங்கள். சனிக்கிழமையே மாவு பிசைந்து வைப்பேன். அந்த மாதங்கள் இப்போது கெப்ஹார்ட்டின் கன்னத்தில் இருக்கின்றன.

சிறுவயதில் கன்னியர் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் அடெல்குண்ட், சின்னப் பொய்யைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுத வைப்பார். எழுதிவிட்டு வகுப்பு முடியும்வரை அதன் கீழே நிற்க வேண்டும். எனக்கு எழுபத்தெட்டு வயது. அந்தப் பலகைக்குக் கீழே நிற்கத் தயாராக இருக்கிறேன்.

இப்போது நீ பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். கெப்ஹார்ட்டுக்குக் கண்டிப்போடு போகும் என்று உனக்கு யார் சொன்னது? ஆஃப்ராவிடம் இருக்கும் காகிதத்தில் லைசென்ஸ் ரத்து என்றுதான் இருக்கிறது. இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. அதே பெட்டி இன்னும் இரண்டு ஃபெர்ரிகளில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்று கெப்ஹார்ட் சொல்கிறான். ஒரே வருடம், ஒரே இன்ஜின். நேற்று காலையில் படகுத்துறையில் நின்று பார்த்தேன். எதிர்க்கரையிலிருந்து பூசணியும் திராட்சைக் கூடையும் ஏற்றிக்கொண்டு அறுவடைப் பண்டிகைக்கு ஜனங்கள் வந்து இறங்கினார்கள். அந்த இரண்டு படகுகளின் திரையிலும் பச்சை எண் ஓடிக்கொண்டிருக்கும். நாற்பது நாளாக உனக்கு இது தெரியும்.

விசாரணைக்கு முன் எழுதிக் கொடு. விசிறி, திங்கட்கிழமை, தலையணை உறை, எல்லாவற்றையும். என் பெயரை முழுதாக எழுது.

வால்புர்கா ஷ்டேலே


வாசர்பூல்,
7 அக்டோபர் 2004

அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏழு மாதம் என்பது எனக்கு நினைவில்லை. இரண்டு மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆலையின் வழக்கறிஞர் என்னிடம் சொல்லிவிட்டார்: "கேட்டா பதில் சொல்லுங்க, கேக்காததுக்கு நீங்களா வாயத் திறக்காதீங்க." நான் கேட்காததைச் சொன்னால் எனக்கு அங்கே இடமிருக்காது. இந்தத் துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வேறு எங்கும் இடமிருக்காது. பதினெட்டு வருடம் இந்த ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

விசாரணை முடியட்டும். அதற்குப் பிறகு சத்தமில்லாமல் எண்ணைத் திருத்திவிடுகிறேன். வசந்த காலத்துக்குள் எல்லாப் பெட்டிகளிலும் புதிய கணக்கு ஏறிவிடும். மற்ற இரண்டு படகுகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முக்கால் வேகத்துக்கு மேல் போக வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

செவரின்


மரியன்ரீட்,
10 அக்டோபர் 2004, ஞாயிறு

அன்புள்ள செவரின்,

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. நேற்று காலை படகுத்துறைக்குப் போனேன். முதல் படகின் கேப்டன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "முக்கால் வேகத்துல போங்கன்னு ஆலையிலேர்ந்து யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையேம்மா. முழு வேகம்தான். ஒரு படகு நின்னுபோச்சு, ரெண்டு படகு மூணு படகு வேலையப் பாக்குது. ஏன், அலை உங்க ஜன்னல் வரைக்கும் தெறிக்குதா?"

இரண்டாவது படகிலும் கேட்டேன். அங்கேயும் அதே பதில். நீ யாரிடம் சொன்னாய், சொன்னது எங்கே நின்றது, சொன்னாயா என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. உனக்கே தெரியும்.

அதனால் நான் செய்த மூன்று காரியங்களை வரிசையாக எழுதுகிறேன். யாரோ சொல்லி உனக்குத் தெரியவரக் கூடாது.

முதலாவது. நேற்றே துறைமுக அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் ஒரு காகிதம் கொடுத்தேன். இரண்டு படகுகளிலும் திரையில் தெரியும் புகை அழுத்தத்தை நம்ப வேண்டாம், அளந்து பார்க்கும்வரை வேகத்தைக் குறைக்கவும், காரணத்தை அந்தக் கணக்கைச் செய்த பொறியாளர் செவரின் ஷ்டேலேயிடம் கேட்கவும் என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது அஞ்சாவது புகாரா, அம்மா?"

"புகார் இல்ல. அறிவிப்பு. வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை போட்டுக் குடுங்க."

"செவரின் உங்க மகன்தானே?"

"ஆமா. அதனாலதான் நானே கொண்டு வந்தேன்."

அவர் சிரிப்பதற்கு வாயைத் திறந்தார், சிரிக்கவில்லை. முத்திரை போட்டார். மத்தியானத்திலிருந்து இரண்டு படகும் பாதி வேகத்தில் போகின்றன. கால அட்டவணை கெட்டுவிட்டது என்று துறையில் எல்லோரும் திட்டுகிறார்கள். யாரைத் திட்டுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும்.

இரண்டாவது. நேற்று மாலை ஆஃப்ராவின் வீட்டுக்குப் போனேன். கெப்ஹார்ட் வெள்ளிக்கிழமை வீடு திரும்பிவிட்டான். உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆஃப்ரா சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான்காவது கடிதம், இல்லாத கறை, விசிறி, உன் அளவுகள். அவள் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அப்போ அவர் முகம் உங்க தலையணை உறைக்காகப் போச்சு."

"ஆமா."

"அதுல கறையே இல்ல."

"இல்ல."

இன்னொரு கிழங்கை எடுத்து உரித்தாள். பிறகு, "காபி வேணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

"நல்லது. கேட்டிருந்தாலும் போட்டுக் குடுத்திருக்க மாட்டேன்" என்றாள்.

வாசல்வரை கூட வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, "வியாழக்கிழமை இதையெல்லாம் அங்க சொல்லுவீங்களா, இல்ல என் சமையக்கட்டுலதான் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்லுவேன் என்றேன். "உங்க பையன்?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது. விசாரணைக் குழுவுக்கு என் வாக்குமூலத்தை எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. நாளை காலை பதிவுத் தபாலில் போகும். என் நான்கு கடிதங்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். நான்காவதின் மேல் "இதில் குறிப்பிட்ட கறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடிதம் போன பிறகு திங்கட்கிழமைகளில் விசிறி முழு வேகத்தில் ஓடியதாக ஓட்மார் சந்தையில் என்னிடம் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். அதைப் படித்த பிறகு அவர்கள் ஓட்மாரைக் கேட்பார்கள். ஓட்மாரைக் கேட்ட பிறகு உன்னைக் கேட்பார்கள். கேட்காததற்கு வாயைத் திறக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் சொன்னார் அல்லவா, இனிமேல் கேட்பார்கள்.

செப்டம்பர் 28 அன்று நீ எழுதிய கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. வாக்குமூலத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. எரிக்க வேண்டுமானால் நீ எரித்துக்கொள். எதனால் தப்பு நேர்ந்தது என்பதை உன்னைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. என் வாக்குமூலத்தால் முடியாது, ஓட்மாரால் முடியாது. அந்த ஒரு பக்கத்தை நீயே எழுந்து நின்று படித்தால் கெப்ஹார்ட்டின் லைசென்ஸ் அவனிடமே இருக்கும். நீ படிக்காவிட்டால், பழைய புகார்க்காரி ஒருத்தி தன் மகனின் ஆலையைப் பற்றி ஏதோ உளறுகிறாள் என்று எழுதிவைத்துவிட்டு, அறுநூற்று இருபதையே பிடித்துக்கொள்வார்கள்.

உன் வேலை போகும் என்கிறாய். போகலாம். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. இந்த வீட்டில் மாடி அறை காலியாக இருக்கிறது என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். உன்னை வரவழைக்க நான் இனி எதையும் எழுதமாட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நகர மன்றத்தின் சிறிய கூடத்தில் விசாரணை. நான் போகிறேன். என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அது எனக்குப் பெரிதில்லை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்பதை ஊரோடு ஊராக உட்கார்ந்து அங்கே முதல்முறையாகக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

நீ படிப்பாயா, மாட்டாயா? புதன்கிழமைத் தபாலில் எனக்குக் கிடைக்கும்படி எழுத்தில் பதில் அனுப்பு.

உன் அம்மா,
வால்புர்கா ஷ்டேலே